பொன்னியின் செல்வன் முடிந்தது, அடுத்து எது?

போன மாதம் அக்கா மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "மாமா, அஞ்சு பாகமும் முடிச்சிட்டேன். கை பரபரங்குது. அடுத்து எதை எடுக்கட்டும்?" மறைமலை நகரில் மின்சார ரயில் ஏறிக் கிண்டியில் இறங்குகிறவள். உட்கார இடம் கிடைத்தால் மடியில் புத்தகம், இல்லாவிட்டால் காதில் ஒலிநூல். அவள் போட்ட நிபந்தனைகள் மூன்று. காதல் இருக்க வேண்டும். பொன்னியின் செல்வனில் வருவதுபோலப் போர் வரும் வரும் என்று போக்குக் காட்டாமல் நிஜமாகவே வர வேண்டும். பாதியில் தூக்கிப் போடும்படி இருக்கக் கூடாது.

உடனே "சிவகாமியின் சபதம்" என்று தட்டிவிட்டு, அனுப்பாமல் அழித்தேன். பொன்னியின் செல்வன் முடித்தவர்களிடம் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அப்படி ஆரம்பித்து இரண்டாம் பாகத்தோடு நின்றுபோனவர்களையும் எனக்குத் தெரியும். சரி, ஒரு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததில் நான்கு புத்தகங்கள் தேறின: கல்கியின் சிவகாமியின் சபதம், பார்த்திபன் கனவு, சாண்டில்யனின் யவன ராணி, அப்புறம் அவள் அலமாரியில் கல்லூரிக் காலத்திலிருந்து பிரிக்காமலே கிடக்கும் கான் வித் த விண்ட்.

முதலில் யவன ராணி. கரிகாலன் காலம், பூம்புகார்க் கடற்கரை. படைத்தலைவன் இளஞ்செழியன் இரவில் நடந்து போகும்போது, அலை ஒதுக்கிய ஒரு யவனப் பெண் காலில் தட்டுப்படுகிறாள். இப்படி ஒரு தொடக்கத்தை வைத்துவிட்டு வாசகனை எழுந்து போக விடுகிற ஆள் இல்லை சாண்டில்யன். வெண்ணிப் போர் வருகிறது, கடல் வருகிறது, சதி வருகிறது, ஒருவனை நினைக்கும் இரண்டு பெண்கள் வருகிறார்கள். ஓட்டம் என்று பார்த்தால் நான்கில் இதுதான் முதல். ஆனால் பெண்ணின் இடையையும் நடையையும் வருணிக்க அவர் எடுத்துக்கொள்ளும் பக்கங்களில் ஒரு கோட்டையையே பிடித்துவிடலாம். பதினேழு வயதில் அந்தப் பக்கங்களை நான் தாண்டவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இப்போது தாண்டுகிறேன். இங்கே போர் என்பது நாயகன் தன் சாமர்த்தியத்தைக் காட்டுவதற்குப் போட்ட மேடை.  படிக்கும்போது சுகமாக இருக்கிறது, மூடி வைத்த பிறகு அதிக நாள் கூட வருவதில்லை. ரயிலுக்கு நல்ல துணை. அதனால் இதைத் தள்ளவில்லை, பின்னால் வைத்தேன்.

பார்த்திபன் கனவைத் தள்ள இன்னும் மனம் வரவில்லை. நான்கில் சிறியது, ஒரே புத்தகமாகக் கையில் அடங்குவது. உறையூர்ப் பக்கம் காவிரிக் கரையில் ஒரு தோணித்துறை, படகோட்டி பொன்னன், அவன் மனைவி வள்ளி என்று கதை எடுக்கும் விதமே அலாதி. பல்லவருக்குக் கப்பம் கட்ட மறுத்துப் போருக்குப் போகிறான் பார்த்திப சோழன். தோற்கத்தான் போகிறோம் என்று தெரிந்தே போகிறான். கனவாகக் கண்டதையெல்லாம் ஒரு மண்டபத்தில் ரகசியமாகச் சித்திரங்களாகத் தீட்டி வைத்திருப்பவன், போவதற்கு முன் சிறுவன் விக்கிரமனை அழைத்துப் போய் அவற்றைக் காட்டுகிறான். அந்த இடம் ஒன்று போதும். ஆனால் அதற்கப்புறம் போர் முடிந்துவிடுகிறது. மீதிக் கதை முழுக்க அந்தப் போர் விட்டுப்போன கடன்தான். நாடு கடத்தப்பட்ட மகன் இரத்தின வியாபாரி வேடத்தில் திரும்பி வருகிறான், வென்றவனின் மகள் குந்தவிமேல் காதல், யாரென்று தெரியாமல் கூடவே வரும் ஒரு சிவனடியார்.

இதிலே ஒரு வரிசைச் சிக்கலும் உண்டு. கல்கி முதலில் எழுதியது பார்த்திபன் கனவைத்தான். கல்கி பத்திரிகை 1941ல் தொடங்கியபோது அதில் வந்த தொடர் அது. சிவகாமியின் சபதம் 1944 ஜனவரியில் ஆரம்பித்து 1946 வரை ஓடியது. ஆனால் கதை நடக்கும் காலம் தலைகீழ். சபதத்தில் இளைஞனாக இருக்கும் நரசிம்ம பல்லவர், கனவில் வளர்ந்த பிள்ளைகள் உள்ள சக்கரவர்த்தி. எழுதிய வரிசையில் படிப்பதா, காலவரிசையில் படிப்பதா என்று வீட்டுக்கு வீடு சண்டை. என் கட்சி இது: கனவை முதலில் படித்தால் அதிலுள்ள மர்மம் மர்மமாகவே இருக்கும். சபதத்தை முதலில் படித்தால், கனவில் வரும் நரசிம்மர் ஒரு வார்த்தை பேசாமல் நிற்கும் இடங்களில்கூட அவர் என்ன சுமந்துகொண்டு நிற்கிறார் என்று நமக்குத் தெரியும். மர்மமா, சுமையா? நான் சுமையின் பக்கம்.

கான் வித் த விண்ட் வேறு தேசம், வேறு காலம். மார்கரெட் மிட்செல் அட்லாண்டாக்காரர், செய்தியாளராக இருந்தவர். 1936ல் வந்த நாவல், அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு. முதல் பதிப்பே 1,037 பக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஜார்ஜியாவின் பருத்திப் பண்ணை ஒன்றில் செல்லமாக வளர்ந்த ஸ்கார்லெட் ஓஹாரா என்ற பெண்ணின் கதை. 1864ல் அட்லாண்டா வீழ்கிற நேரத்தில் ஊரே காலியாகிக்கொண்டிருக்க, அவள் தன் நாத்தனார் மெலனிக்குப் பிரசவம் பார்த்து, கைக்குழந்தையோடு அவளை ஒரு நொண்டிக் குதிரை வண்டியில் ஏற்றித் தப்பிக்கிறாள். வீட்டுக்கு வந்தால் அம்மா இல்லை, அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, அடுப்படியில் ஒன்றும் இல்லை. பக்கத்துப் பண்ணைத் தோட்டத்தில் ஒரு முள்ளங்கியைப் பிடுங்கி மண்ணோடு தின்கிறாள். வயிறு ஏற்காமல் அதையும் வாந்தி எடுத்துவிட்டுத் தரையில் குப்புறக் கிடக்கிறாள். எழுந்திருக்கும்போது கடவுள் சாட்சியாகச் சொல்கிறாள், இனி நான் பசித்திருக்கமாட்டேன் என்று.

அந்த இடத்தில்தான் எனக்கு சிவகாமி நினைவுக்கு வந்தாள். அவளும் சபதம் செய்தவள்தான். கிட்டத்தட்ட எட்டு வருட இடைவெளியில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு ஊர்களில் எழுதப்பட்ட இரண்டு நாவல்களும் போரில் சிக்கிய ஒரு பெண்ணின் வாயிலிருந்து வரும் ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கின்றன. ஆனால் நடக்கும் திசை நேர் எதிர். ஸ்கார்லெட் தன் வாக்கைக் காப்பாற்ற மற்ற எல்லாவற்றையும் உடைக்கிறாள். தங்கை கட்டிக்கொள்ள இருந்தவனைத் தான் கட்டிக்கொள்கிறாள், திரைச்சீலையைக் கிழித்து உடை தைத்துக்கொண்டு கடன் கேட்கப் போகிறாள், மரம் அறுக்கும் ஆலை நடத்துகிறாள், பொய் சொல்கிறாள். போர் அவளிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு, அதோடு பெண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கட்டையும் அவிழ்த்துவிட்டுப் போகிறது. சிவகாமி தன் வாக்கைக் காப்பாற்றத் தன்னையே உடைத்துக்கொள்கிறாள்.

நம் ஊர்ப் பெண்களில் பலருக்கு ஸ்கார்லெட்டைப் பிடிக்கும் என்பது என் ஊகம். அழுதுகொண்டே ரேஷன் கடை வரிசையில் நிற்கிற ரகம் அவள். ஆனால் அந்த நாவலைக் கையில் எடுக்கும்போது ஒன்றைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். அந்தப் பருத்தியைப் பறித்தவர்கள் அடிமைகள். நாவல் அவர்களை எஜமானர்மேல் பாசம் வைத்த வெள்ளந்திகளாகக் காட்டுகிறது, பழைய பண்ணை வாழ்க்கையை நினைத்து ஏங்குகிறது, கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலுக்கே நியாயம் சொல்கிறது. ஸ்கார்லெட்டின் பசி எனக்கு வலிக்கிறது. அந்த வீட்டு அடுக்களையில் நின்ற பெண்ணின் பசியைப் பற்றி மிட்செல் ஏன் எழுதவில்லை என்ற கேள்வி ஆயிரம் பக்கத்திலும் கூடவே வருகிறது. அந்தக் கேள்வியோடு படித்தால் படிக்கலாம். வேலை முடிந்து களைத்துத் திரும்பும் ரயிலில், அதுவும் ஆங்கிலத்தில், அவளால் ஆகுமா என்று எனக்குச் சந்தேகம். தனியாக ஒரு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளட்டும்.

ஆக, சுற்றிச் சுற்றி முதலில் தட்டி அழித்த பெயருக்கே வந்து சேர்ந்தேன். ஆனால் இப்போது காரணத்தோடு வந்தேன்.

சிவகாமியின் சபதம் தொடங்குவதே ஒரு தடையில்தான். காஞ்சியில் மகேந்திர பல்லவரின் சபையில் ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமிக்கு அரங்கேற்றம். ஆட்டம் நல்ல உச்சத்தில் இருக்கும்போது ஓலை வருகிறது. வாதாபியிலிருந்து சாளுக்கிய மன்னன் புலிகேசி படையெடுத்து வருகிறான். ராஜா எழுந்துவிடுகிறார், ஆட்டம் நின்றுவிடுகிறது. சிவிகையில் வீடு திரும்பும் அப்பாவையும் மகளையும் மதம் பிடித்த யானை ஒன்று துரத்துகிறது. அன்று மாலைதான் ஊருக்குள் நுழைந்த பரஞ்சோதி என்ற நாட்டுப்புறப் பையன் கையிலிருந்த வேலை எறிந்து அவர்களைக் காப்பாற்றுகிறான். பிறகு வரும் நான்கு பாகமும் அந்த அரைகுறையாய் நின்ற ஆட்டத்தின் மிச்சம்தான் என்று பலமுறை படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் அதை முழுசாக ஆடி முடிப்பது கடைசி அத்தியாயத்தில். அப்போது அவள் ஆடுவது ராஜாவுக்காக இல்லை.

முடிவைச் சொல்லிவிட்டேனே என்று யாரும் கோபிக்க வேண்டாம். நான்காம் பாகத்துக்குக் கல்கியே "சிதைந்த கனவு" என்று பெயர் வைத்திருக்கிறார். பொருளடக்கத்தைப் புரட்டினாலே தெரிந்துவிடும். நாகநந்தி அடிகள் யார் என்பதை மட்டும் நான் சொல்லப்போவதில்லை. ஒரு புத்த பிக்ஷு, விஷத்தையும் கலையையும் ஒரே நெஞ்சில் வைத்திருப்பவர். தமிழில் அவருக்கு இணையான வில்லன் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

நடுவில் வரும் ஓர் இடத்தைச் சொன்னால்தான் இந்த நாவல் ஏன் எண்பது வருடமாக நிற்கிறது என்று விளங்கும். சாளுக்கியர் கையில் சிறைப்பட்டு வாதாபிக்குப் போகிறாள் சிவகாமி. தமிழ்நாட்டிலிருந்து பிடித்துப்போன ஆண்களையும் பெண்களையும் நாற்சந்தியில் நிறுத்திச் சவுக்கால் அடிக்கிறார்கள். அவள் ஆடினால் அடி நிற்கும். ஆடுகிறாள். காதலன் மாமல்லனுக்காகவும் (இளவரசர் நரசிம்ம பல்லவர்தான்) சாமிக்காகவும் ஆடிய கால் தெருவில், பகைவன் பார்க்க, முதுகுகளைக் காப்பாற்ற ஆடுகிறது. அந்த அவமானத்தின் சூட்டில் பிறப்பதுதான் சபதம்: இந்த ஊர் எரியாமல் இதைவிட்டு வரமாட்டேன். பிறகு மாமல்லன் உயிரைப் பணயம் வைத்து மாறுவேடத்தில் வந்து கூப்பிடுகிறான். போகவில்லை.

ஏன் போகவில்லை என்று வருடக்கணக்கில் எங்கள் வீட்டில் சண்டை. அம்மாவின் தீர்ப்பு, "பிடிவாதக்காரி, கட்டிக்கிட்டு வாழத் தெரியாதவ." சித்தி அதை ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. "ஊர் நடுவுல ஆட வெச்சாங்களே, அது உனக்கு நடந்திருந்தா தெரியும்" என்பாள். எனக்கு இரண்டும் சரியென்றே பட்டது. பிறகு கல்கி செய்திருக்கும் கொடுமை மெல்லப் பிடிபட்டது. அவள் வாய்விட்டுச் சொன்ன அந்த வார்த்தை அரசாங்கத்துக்கு வசதியாக இருந்துவிடுகிறது. காஞ்சி முற்றுகையின் பழியைத் தீர்க்கப் பல்லவருக்கு எப்படியும் ஒரு படையெடுப்பு வேண்டும். யானை சேர்க்க வேண்டும், துணை தேட வேண்டும், பாண்டியரோடு உறவு வேண்டும். அதற்காக மாமல்லன் பாண்டிய குலப் பெண்ணை மணக்கிறான், பிள்ளைகள் பிறக்கின்றன. ஒன்பது வருடம் போகிறது. அவளுக்காக என்று சொல்லி நடக்கும் போர்தான் அவளை அவனிடமிருந்து நிரந்தரமாகப் பிரிக்கிறது. வாதாபி எரிகிறது, சபதம் நிறைவேறுகிறது. அவளுக்கு வர வேண்டியது மட்டும் வரவில்லை. வெற்றி விழாவில் நின்று தோல்வியைப் பார்க்கும் காதல் கதை வேறெதிலும் இந்த அளவுக்குச் சுட்டதில்லை எனக்கு.

கடைசியில் அவள் ஏகாம்பரநாதர் கோயிலில் ஆடுவது அப்பர் பாடலுக்கு. "முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்" என்று தொடங்கி, "தன்னை மறந்தாள் தன் நாமங் கெட்டாள், தலைப்பட்டாள் நங்கை தலைவன் தாளே" என்று முடியும் தேவாரம். கோயிலில் ஓதுவார் பாடிக் கேட்கும்போது இது பக்தி. நாவலைப் படித்தபின் கேட்டால் "தன்னை மறந்தாள்" என்ற இடத்தில் தொண்டை அடைக்கிறது.

சரித்திரம் எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று அவள் கட்டாயம் கேட்பாள். சிவகாமியும் ஆயனரும் முழுக்கக் கல்கியின் கைவேலை. போர் நிஜம். 634ஐச் சேர்ந்த ஐஹொளே கல்வெட்டில் புலிகேசியின் கவி ரவிகீர்த்தி, பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான் என்று எழுதுகிறார். பல்லவரின் கூரம் செப்பேடோ, புறமுதுகிட்ட புலிகேசியின் முதுகில் நரசிம்மவர்மன் "விஜய" என்ற எழுத்துகளை எழுதினான் என்கிறது. ஆளாளுக்குத் தன் கதை. 642ல் வாதாபி விழுந்தது. இன்றைய பாதாமியில் பாறையொன்றில் நரசிம்மவர்மனின் கல்வெட்டு சிதைந்த நிலையில் இருக்கிறது. வேல் எறிந்த அந்தப் பையன் பரஞ்சோதி, "வடபுலத்து வாதாவித் தொன்னகரந் துகளாக" யானையை ஓட்டியவர் என்று பெரியபுராணம் பாடும் சிறுத்தொண்டரேதான்.

இன்னொன்றும் எனக்குத் தோன்றுவதுண்டு. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்ற பயத்தில் சென்னையே காலியானது. வீட்டைப் பூட்டிக்கொண்டு சனங்கள் சொந்த ஊர்களுக்கு ஓடினார்கள். இரண்டு வருடம்கூட ஆகவில்லை, காஞ்சிமேல் படையெடுப்பு பத்திரிகையில் தொடராக வர ஆரம்பிக்கிறது. கோட்டைக் கதவு சாத்தப்படும் சத்தம் அன்றைய வாசகருக்கு ஏழாம் நூற்றாண்டில் கேட்டிருக்காது.

குறைகள் உண்டு, மறைக்கமாட்டேன். சுரங்கப் பாதையும் மாறுவேடமும் அளவுக்கு மீறி வரும். நினைத்தவர் நினைத்த இடத்தில் எதிரே வந்து நிற்பார். முதல் பாகத்தில் ஆயனர் அஜந்தாவின் அழியாத வர்ணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. மாமல்லனும் சிவகாமியும் ஊடும் பக்கங்கள் இன்றைய வாசகருக்குக் கொஞ்சம் இழுவை. இரண்டாம் பாகத்தில் நின்றுபோகிறவர்கள் பெரும்பாலும் வந்தியத்தேவனைத் தேடுகிறவர்கள். இங்கே அப்படி ஒரு துடுக்குப் பிள்ளை இல்லை. சிரிப்பு வேண்டுமென்றால் தூது ஓலையை மாற்றிவைத்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும் மகேந்திரரின் வஜ்ரபாகு வேஷம்தான் கதி. அது நன்றாகவே இருக்கும்.

பதிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்கியின் எழுத்து 1999ல் நாட்டுடைமை ஆனதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். விலை இறங்கியது நல்லது. கூடவே சில அச்சகங்களின் கவனமும் இறங்கியது. புத்தகக் காட்சியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் வாங்கிய ஒரு பிரதியில் ஒரு பாரம், அதாவது சேர்த்து அச்சடித்து மடிக்கும் பக்கக் கட்டு, முழுக்கக் காணோம், அதற்கு முந்தின பாரம் இரண்டு தடவை இருந்தது. பதினாறு பக்கம். அதுவும் முற்றுகை நடுவில். புலிகேசி ஒரே காரியத்தை இரண்டு முறை செய்துவிட்டு, அடுத்த பக்கத்தில் எங்கோ போய்விட்டான். கடையில் நின்றே பக்க எண்களை ஒரு புரட்டு புரட்டிவிட வேண்டும். நான்கு பாகமும் இருக்கிறதா, "சுருக்கம்" என்று பொடி எழுத்தில் எங்காவது போட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டு தொகுதியாகப் பிரித்துக் கட்டியது இருந்தால் அதுவே மேல். ஆயிரம் பக்கத்தை ஒட்டிய தடிப் புத்தகத்தை நின்றுகொண்டே ஒரு கையில் பிடிக்க முடியாது. ஒலிநூலும் மோசமில்லை, கல்கி நடை காதுக்கென்றே எழுதியது. ஆனால் மூன்றாம் பாகம் "பிக்ஷுவின் காதல்" மட்டும் கண்ணால் படிக்க வேண்டியது. கூட்டத்தில் தொங்கிக்கொண்டு கேட்கிற சமாசாரம் இல்லை அது.

இதையெல்லாம் சுருக்கி அவளுக்கு எழுதினேன். அழத் தயார் என்றால் சபதம், இல்லை என்றால் கனவு. யானை வரும் இடம் வரை படி, பிடிக்கவில்லையென்றால் வைத்துவிட்டு யவன ராணிக்குப் போ, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அவள் சபதத்தை எடுத்தாள். பத்து நாள் சத்தமில்லை. பிறகு ஒரு நாள், "மகேந்திரர் சூப்பர் மாமா." அப்புறம் மறுபடி சத்தமில்லை.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டேகாலுக்குச் செய்தி வந்தது. "கிண்டியில ஏறினவ மறைமலை நகரைத் தாண்டி சிங்கப்பெருமாள் கோவில் வந்துட்டேன். மாமல்லன் வந்து கூப்பிடறான், இவ ஏன் மாமா கிளம்ப மாட்டேங்கிறா?"

சித்தியின் எண்ணை அனுப்பி வைத்தேன்.